முன் இடது டயரில் காற்று இல்லையாம்!

போன செவ்வாய்க்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து காரை எடுத்தேன். 'டிங்' என்றது. திரையில் மஞ்சள் விளக்கு. முன் இடது டயரில் காற்று குறைவாம். இருக்க வேண்டியது 250 கிலோபாஸ்கல், இருப்பது 190.

இறங்கிப் பார்த்தேன். டயர் கும்மென்று இருந்தது. காலால் ஓர் உதையும் விட்டேன் — ஆண்கள் எல்லாரும் செய்கிற பரிசோதனை அதுதானே? அதில் என்ன கண்டுபிடிக்கிறோம் என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

வேறு நாளாக இருந்தால் காரை அப்படியே போட்டுவிட்டு ரயிலேறியிருப்பேன். ஆனால் அன்று மதியம் இரண்டு மணிக்குக் கிள்ளானில் என் அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன், அழைத்துப்போக வேண்டியவன் நான். பாக்கியம் அக்கா ஏற்கெனவே இரண்டு முறை டிமிக்கி கொடுத்தவர். முதல் முறை சளி. அடுத்த முறை பக்கத்து வீட்டுக் கல்யாணம். இதையும் விட்டால் மறுபடி எப்போது தேதி கிடைக்குமோ... எதிரே வருவது மோட்டார் சைக்கிளா லோரியா என்று தெரியாமல் சாலையைக் கடக்கிறவரை எத்தனை நாள் அப்படியே விடுவது?

காற்றடிக்கப் பெட்ரோல் நிலையத்துக்குப் போனேன். மின்சாரக் காரோடு அங்கே நிற்பது, மட்டன் கடை வரிசையில் சைவக்காரர் நிற்பது போலத்தான். எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். 250 என்று அழுத்தி, முன் இடது டயரில் குழாயை மாட்டினேன். இயந்திரம் உடனே நின்றுவிட்டது. போதுமான காற்று இருக்கிறதாம்!

காரில் ஏறினால்... 190.

இரண்டில் எது பொய் சொல்கிறது? கிள்ளான் போகும் வழியில் ஷா ஆலாமில் இன்னொரு நிலையம். இந்த முறை 270 வைத்தேன். ஏறியது. திரையில் அதே மஞ்சள், இப்போது 185. காற்று அடிக்க அடிக்கக் குறைகிற டயரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். சென்சார் கோளாறாக இருக்கும், கவலைப்படாமல் ஓட்டுங்கள், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். நானும் கவலைப்படாமல் இருக்க முயன்றேன்.

கிள்ளானில் அக்கா ஏறி பெல்ட் போட்டார். 'டிங்'. எழுத்து தெரியாத கண்ணுக்கு அந்த மஞ்சள் மட்டும் நன்றாகத் தெரிந்துவிட்டது.

"சகுனம் சரியில்லடா தம்பி. இன்னொரு நாள் பாத்துக்கலாம் லா" என்று பெல்ட்டைக் கழற்றினார்.

எனக்கு வந்த கோபம் கார் மேலா, அக்கா மேலா என்று இப்போதும் குழப்பம்தான். பத்து நிமிஷம் கொடுங்கள், சரிசெய்து காட்டுகிறேன் என்று கெஞ்சி, வழியிலிருந்த டயர் கடைக்குள் வண்டியை விட்டேன். மணி பன்னிரண்டரை.

கடைக்காரர் பெயர் மணியம். அவருடைய காற்றழுத்த மானியும் முன் இடது டயரில் 270 காட்டியது. கார்தான் பொய் சொல்கிறது என்று வெற்றியோடு சொன்னேன். அவர் மானியோடு காரை ஒரு சுற்று வந்தார். பின் வலது டயரிடம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அங்கே 185. டயரில் ஓர் ஆணி.

"டயர முன்ன பின்ன மாத்தினீங்களா அண்ணே?"

ஆமாம். பொங்கலுக்குப் பினாங்கு போகுமுன் குறுக்காக மாற்றினேன். பழைய காரில் இருபது வருஷமாகச் செய்த வழக்கம்.

"காருக்குச் சொன்னீங்களா?"

காருக்கா?

"சென்சார் டயருக்குள்ள இருக்கு. டயரோட சேந்து அதுவும் பின்னால போயிருச்சு. காரு அத இன்னும் முன்னாலதான்னு நெனச்சிக்கிட்டு இருக்கு."

திரையைக் காட்டினார். பின் வலது: 270. நான் முன்னால் அடித்த காற்றெல்லாம் பின்னால் ஏறியதாகக் கார் கணக்கு வைத்திருக்கிறது! மஞ்சளையே முறைத்துக்கொண்டிருந்த நான் பக்கத்து எண்ணைப் பார்க்கவே இல்லை. ஸ்பேர் டயர்கூட இல்லாத காரில், ஆணியோடு நெடுஞ்சாலையில் வந்திருக்கிறேன்.

கார் சொன்னது பொய்யில்லை, முகவரிதான் தப்பு. நாமும் அப்படித்தானே? ஆபீசில் யாரோ நம்மிடம் காற்றைப் பிடுங்கிவிடுகிறார்கள். வீட்டில் குழம்பில் உப்பு குறைவு என்று கத்துகிறோம்.

ஆணியைப் பிடுங்கி ஒட்டுப் போட்டுக் காற்றடித்து, டயர்கள் இருக்கும் இடத்தையும் காருக்குச் சொல்லிக்கொடுத்தார் மணியம். மஞ்சள் அணைந்தது. நடந்ததை எல்லாம் அக்கா கார்க் கண்ணாடியை இறக்கிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பெல்ட்டை மறுபடி போட்டுக்கொண்டார்.

ஒன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. ஆபரேஷன் செய்யவேண்டிய கண்ணுக்கு மேலே அடையாளம் போடத் தாதி பேனாவோடு வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வலது கண்ணும்மா. எந்தப் பக்கம்னு நல்லா பாத்துக்கோ. எங்க தம்பி காரு மாதிரி பண்ணிடாத."

உள்ளே போவதற்குள் இதையே நான்கு பேரிடம் சொன்னார். வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.