நான் நின்ற இடத்தில் ஒரு குரோட்டன் சாடி

போனில் படம் துப்புரவாக்கும் வித்தையைத் தங்கைக்குச் சொல்லிக் கொடுத்த மடைச்சி நான்தான். வெள்ளவத்தைக் கடற்கரையில் அவளை ஒரு படம் எடுத்தேன். பின்னால் கற்களுக்கிடையில் சொப்பிங் பைகளும் வெற்றுப் போத்தல்களும் கிடந்தன. "இஞ்ச பார், விரலால ஒருக்காத் தடவு" என்றேன். தடவினாள். குப்பை போய்க் கல்லும் தண்ணீரும் வந்தன. "ஐயோ அக்கா, சோக்கா இருக்கு!" என்று துள்ளினாள். அன்று பின்னேரமே வீட்டுப் படங்களில் இருந்த வயர், கூட்டுகிற தும்புத்தடி, காயப்போட்ட உடுப்பு ஒன்றையும் அவள் மிச்சம் வைக்கவில்லை.

அப்போது நான் புருஷனை விட்டுவிட்டு அம்மாவின் ஃபிளாட்டுக்குத் திரும்பி வந்து ஒரு வருஷம் இருக்கும். அம்மா என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. "அவள் சாப்பிட்டாளோ எண்டு கேள்" என்று தங்கையிடம்தான் சொல்லுவார். பொங்கலன்று தங்கை போனை டிவியில் சாய்த்து டைமர் வைத்தாள். நான் வழக்கம் போலக் குசினி வாசலில் ஒதுங்கி நின்றேன். அம்மா திரும்பிப் பார்த்து, "ஏன் அங்க நிக்கிறாய்? இஞ்சால வா" என்றார். ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று அவர் தோளில் கையைப் போட்டேன். அவர் தட்டிவிடவில்லை. எனக்கு அந்த ஒரு படம் போதும் என்றிருந்தது. அதை என் போனுக்கு வாங்கிக்கொள்ளக்கூட இல்லை. ஒரே வீடு, எங்கே போகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

சில மாதம் கழித்துத் தங்கைக்குக் கனடாவில் ஒரு சம்பந்தம் வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து புரோக்கர் அன்ரி வந்திருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். "மாப்பிள்ளையின்ர தாய்க்கு உங்கட குடும்பப் படம் நல்லாப் பிடிச்சிட்டுது" என்று அம்மாவிடம் போனை நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். பொங்கல் படம். அம்மாவும் தங்கையும் நின்றார்கள். தங்கை கட்டியிருந்தது என் சேலை. நான் நின்ற இடத்தில் ஒரு குரோட்டன் சாடி. எங்கள் பல்கனிச் சாடிதான், நான் தண்ணீர் ஊற்றி வளர்த்தது! அம்மாவின் தோளில் என் கையை அழித்த இடத்தில் சேலைக்கரை நெளிந்து கிடந்தது. அவசரப்படாதே, பெரிதாக்கி வைத்துக்கொண்டு அழி என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அதையாவது ஒழுங்காகச் செய்திருக்கலாம்.

"பிள்ளை ஆர்?" என்று அன்ரி என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் அம்மா, "பக்கத்து ஃபிளாட். உதவிக்கு வாறவ" என்றார்.

அன்ரி படி இறங்கியதுதான் தாமதம், தங்கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னையும் குப்பையெண்டோ நினைச்சனி?"

"அக்கா, குழப்பாதை. கட்டினவனை விட்டிட்டு வந்தவள் வீட்டில இருக்கிறாள் எண்டு தெரிஞ்சால் ஓம் எண்டுவினமோ? அம்மாதான் உன்னை அழிக்கச் சொன்னவ. கலியாணம் முடியட்டும், உன்னைத் திரும்ப உள்ள போடுறன்."

அம்மாதான் சொன்னவ. தங்கையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு குசினிக்குள் போனார்.

கலியாணத்துக்கும் பக்கத்து ஃபிளாட்காரியாகத்தான் போனேன். கடைசி வரிசையில் இருந்தேன், சாப்பிட்டேன், பஸ் பிடித்து வந்தேன்.

தங்கை கனடா போய்ச் சேர்ந்த பிறகு வீடியோ கோலில் கேட்டேன், "என்ர படம் எங்க?"

"எந்தப் படம்? ஓ, அதோ! போன்ல இடம் காணாமல் பழசையெல்லாம் அழிச்சிட்டன் அக்கா. மற்றது இருக்கு. அனுப்பட்டோ?"

அந்த மற்றதை, சாடி நின்ற படத்தை, அம்மாவுக்கு அனுப்பினாள். அம்மா அதைப் பெரிதாக அடித்து, சட்டம் போட்டு, டிவிக்கு மேலே மாட்டினார். அடுத்த நாள் காலையில் பல்கனிக் குரோட்டனைச் சாடியோடு தூக்கிக்கொண்டுபோய்க் கீழே காவல் நிற்கும் வாட்சரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் அம்மா பல்கனிக் கதவடியில் கனநேரம் நின்றார்.

"ஏன்டி அதைக் குடுத்தனி?" என்றார். "அந்த இடம் வெறிச்செண்டு போச்சே."