ஐஸில் வைத்த ரத்தம்

பத்தாவதோடு நின்றவன் நான். ஒருவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவைத் தேனியில் ஒரு லேபில் பார்த்தேன். நரைத்த தலை, கயிற்றில் தொங்கும் கண்ணாடி. ரத்தத்தில் நோயை எதிர்க்கும் அணுக்களை வகை பிரித்து எண்ணும் மிஷின் அவர் பொறுப்பு. திரையில் புள்ளிகள் கூட்டம் கூட்டமாக விழும். வகை பிரிக்க அவற்றைச் சுற்றி மிஷின் போடும் கோட்டை அழித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் தானே கோடு போடுவார்.

என் தங்கையின் ரத்தத்தைச் சின்னமனூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுபோயிருந்தேன். எண்ணிக்கை வந்தால்தான் டாக்டர் மருந்தை மாற்றுவார். வெயிலில் கெட்டுவிடுமே என்று ரத்தம் இருந்த குழாயை ஐஸ் டப்பாவில் வைத்திருந்தேன்.

அந்த அம்மா குழாயைத் தொட்டுப் பார்த்தார். “ஏப்பா, ஐஸ்ல போட்டுக் கொண்டார இது என்ன மீனா? குளுந்துபோனா எது எந்த அணுன்னு பிரிக்க முடியாது.”

அதற்குள் லேபின் மேலதிகாரி வந்தார். “அவசரம்னு டாக்டரே சொன்னாக. சும்மா ஓட்டி நம்பரைக் குடுங்கம்மா.”

“மிஷின் எதை ஊத்துனாலும் நம்பர் சொல்லும் சார். அந்தப் பொய்யை நம்பி அங்கன ஒரு பிள்ளை மருந்து திங்கணுமா? நான் கையெழுத்துப் போடமாட்டேன். வேணும்னா நீங்க போடுங்க.”

அம்மா பேனாவை நீட்டினார். மேலதிகாரி வாங்கவில்லை.

அன்று எனக்கு அந்த அம்மாமேல் கோபம்தான் வந்தது. முகம்கூடத் தெரியாத என் தங்கைக்காக அவர் ஏன் அப்படி நின்றார் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

மறுநாள் தங்கையையே தேனிக்குக் கூட்டிப்போனேன். அந்த லேபிலேயே ரத்தம் எடுத்தார்கள்.