பவானேஸ்வரியின் 'கா'

சிம்பாங் அம்பாட்டுக்குப் பக்கத்தில் ஜப்பான்காரர்களின் மோட்டார் தொழிற்சாலையில் பவானேஸ்வரிக்கு இது ஏழாவது வருடம். ஏழும் வருடக் காண்ட்ராக்ட். புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று வருடத்துக்கு ஒருமுறை உயிர் போய் உயிர் வரும். இந்த வருடம் அது போகவேண்டிய நாள் வெள்ளிக்கிழமை.

ஜப்பான் மொழி தெரிந்தால் நிரந்தர வேலை என்று நோட்டீஸ் போர்டில் போட்டிருந்தார்கள். அதனால் ஞாயிறுதோறும் பாச்சாங்கில் ஹஃபீஸா டீச்சரிடம் படிக்கிறார். எல்லாரும் திணறுகிற இடம் 'வா', 'கா'. எழுவாய்க்குப் பின்னால் ஒட்டுகிற சின்னச் சொற்கள்தான். ஆனால் ஆளையே மாற்றிவிடும். டீச்சர் ஒரு சுருக்குவழி வைத்திருந்தார்.

"'வா'ன்னா, 'என்னைப் பொறுத்தவரைக்கும்'. ஓட்டுக் கேக்க வர்றவன் பேச்சு. 'கா'ன்னா, 'நான்தான்'. மாட்டிக்கிறவன் பேச்சு."

செவ்வாய்க்கிழமை காலை பவானேஸ்வரி சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மூன்றாவது லைன் மொத்தமும் நின்றது. ஜப்பான் மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"தரெ கா தொமெமஷிதா?" யார் நிறுத்தியது?

லைன் லீடர் புவனேந்திரன் பவானேஸ்வரியின் காதருகே குனிந்தார். "அக்கா, மிஷின் தானா நின்னுச்சுன்னு சொல்லிருங்க லா. வெள்ளிக்கிழமைய நெனச்சுக்குங்க."

"தொமெமஷிதா," என்றார் பவானேஸ்வரி.

'நிறுத்தினேன்' என்று சொல்லிவிட்டதாகத்தான் நினைப்பு. தமிழ் வினைக்கு வால் உண்டு. வாலைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடலாம். ஜப்பான் வினை மொட்டை. மேனேஜரின் பார்வை லீடர் மேல் போய் நின்றது.

"நாட் மீ, சார்."

"தரெ கா?"

லைனில் நின்ற பதினாறு பேர் தங்கள் காலணிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 'வா' போட்டால் கொஞ்சம் நழுவலாம். பவானேஸ்வரி ஓர் அடி முன்னால் வந்தார்.

"வதஷி கா." நான்தான்.

மேனேஜர் காரணம் கேட்டார்.

"நியோய் கா ஷிமஷிதா." வாடை அடித்தது.

அவர் குனிந்து மோந்தார். மிஷின் மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே ஒயர் கருகி, பிளாஸ்டிக் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால் தீ.

"மை டீம், சார்," என்றார் புவனேந்திரன்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. நன்றி, பாராட்டு, இன்னும் ஒரு வருடக் காண்ட்ராக்ட். பவானேஸ்வரி நேராக ஆபீஸ் கவுண்டருக்குப் போனார்.

"நிரந்தரம் இல்லேன்னு யாரு முடிவு பண்ணது?"

"முடிவு பண்ணியாச்சு லா, அக்கா," என்றார் குமாஸ்தா சாஹிரா, கம்ப்யூட்டரைப் பார்த்தபடி.

"பண்ணியாச்சு சரி. யாருன்னு கேட்டேன்."

சாஹிரா நிமிர்ந்து பார்த்தார். பவானேஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.