அப்பா யாரிடமும் சொல்லாத வழக்கு

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிரிட்ட குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் எங்கள் அப்பா. பெரியப்பாக்கள் கழனியைக் கவனித்துக்கொண்டு அப்பாவை மட்டும் படிக்க வைத்தார்கள். சென்னையில் சட்டம் படித்த காலத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டோடு நாளை ஓட்டியதாக அம்மாவிடம் ஒருமுறை சொன்னாராம். எங்களிடம் சொன்னதில்லை. தன்னைப் பற்றிப் பேசுகிற வழக்கமே அவரிடம் இல்லை.

திருவண்ணாமலையில் தொழில் தொடங்கியபோது வாடகைத் தகராறு, பாகப்பிரிவினை என்று மற்றவர்கள் நடத்திய வழக்குகளைத்தான் அவரும் நடத்தினார். பிறகு ஒரு வெல்ல வியாபாரி வந்தார். கடனில் மூழ்கிய அவருக்குத் திவால் மனு போட வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் மஞ்சள் நோட்டீஸ் என்கிறோமே, அதுதான். அந்த வழக்கை எடுக்க வேறு யாரும் முன்வரவில்லை. எடுத்தால் ராசி போய்விடும் என்றார்களாம். அப்பா எடுத்தார். அதன் பிறகு அப்படிப்பட்டவர்களே அவரைத் தேடி வந்தார்கள். மற்ற வழக்குகள் ஒவ்வொன்றாக விலகிப் போயின. ஊர் அவருக்கு 'மஞ்ச நோட்டீஸ் வக்கீல்' என்று பெயர் வைத்தது.

அந்தப் பெயர் என்ன செய்தது என்று வெளியூர் உறவினர்களுக்குத் தெரிந்திருக்காது. தேரடிப் பக்கத்தில் இரும்புக் கடை வைத்திருந்த ஒருவர் அப்பாவோடு நின்று டீ குடித்தார். ஏதோ மழையைப் பற்றிப் பேசினார்களாம். மறுநாள் காலை அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் கடை வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். அவருக்கு எந்த நெருக்கடியும் இல்லை. மஞ்ச நோட்டீஸ் வக்கீலோடு பேசியது ஒன்றே போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து அப்பா யாருக்கும் முதலில் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். தெரிந்தவர் எதிரே வந்தால் கடைப் பலகையைப் படிப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்குத் தலைக்கனம் என்று சிலர் என்னிடமே சொன்னார்கள். கல்யாணத்துக்குப் போனால் பின்வரிசையில் உட்காருவார். பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். பௌர்ணமியில் கிரிவலம் போகமாட்டார். கூட்டமில்லாத சாதாரண நாளில், மாலையில், தனியாகச் சுற்றிவிட்டு வருவார்.

இனி எழுதப்போவது எங்கள் தாய்மாமாவைப் பற்றியது. அம்மாவின் தம்பி. அவர் அப்பாவை மாமா என்று கூப்பிடுவார், நாங்கள் அவரை மாமா என்று கூப்பிடுவோம். செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டவர்கள் தங்குவதற்காக ஒரு கெஸ்ட் ஹவுஸை ஒத்திக்கு எடுத்து நடத்தினார். கொரோனா வந்ததும் அறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. மறுபடியும் ஆட்கள் வரத் தொடங்கியபோது, வட்டி அவரை விழுங்கியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பிள்ளைகளோடு வந்திருந்தபோது மாமா வந்தார். எதிரே வருகிறவர் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதுபோல் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசற்படி ஏறினார். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அப்பா என்னைக் காப்பி போடச் சொல்லிவிட்டு அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று உள்ளே நடந்ததைப் பின்னால் மாமா சொல்லித்தான் அறிந்தேன்.

மாமா கேட்டது ஒன்றுதான். இந்த ஊரில் யாருக்கும் தெரியாத, வேறு ஊர் வக்கீல் ஒருவர் வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அப்பா கோபப்படுவார் என்று காத்திருந்தாராம். அப்பா கோபப்படவில்லை.

"அதுதான் சரி மாப்ள. நான் எடுத்தா என்கிட்ட பாதிதான் சொல்லுவீங்க. தெரியாதவர்கிட்ட முழுசா சொல்லலாம்" என்றாராம்.

வேலூரில் தனக்கு நம்பிக்கையான ஒருவரிடம் பேசி நாள் வாங்கிக் கொடுத்தார். அதற்குள் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். வங்கியிலிருந்து வந்த நோட்டீஸ்கள், நகைக் கடன் ரசீதுகள், ஒத்திப் பத்திரம். யாரிடம் கைமாற்று வாங்கினாலும், அது சொந்த மச்சினியாகவே இருந்தாலும், பெயரும் விலாசமும் வேண்டும். ஒருவரைச் சேர்த்து ஒருவரை விட்டால், விடுபட்டவர் நாளைக்கு வாசலில் வந்து நிற்பார். வீட்டுக்கு வந்து மிரட்டியவர்கள் யார், எப்போது என்பதையும் மறக்காமல் சொல்லவேண்டும். கட்டணம் எவ்வளவு, எதற்கெல்லாம் என்று முதல் நாளே வெட்கப்படாமல் கேட்டுக்கொள்ளவேண்டும். கேட்காமல் வந்து பிறகு மனம் சங்கடப்படுகிறவர்களைத் தான் நிறையப் பார்த்திருப்பதாகச் சொன்னாராம்.

கடைசியாக, எதையாவது யார் பெயருக்காவது மாற்றி எழுதியதுண்டா என்று கேட்டார்.

மாமா ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அம்மா பிறந்த வீட்டு ஏரிக்கரை நிலம் அவர் பங்குக்கு வந்திருந்தது. சில மாதங்களுக்கு முன்னால்தான் அதைத் தன் மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்டாக எழுதியிருந்தார். கடன்காரர்கள் கைக்குப் போகாமல் அதையாவது காப்பாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தார்.

"எனக்கு நீங்க சொல்ல வேணாம். ஆனா வேலூர்ல அவரு கேப்பாரு. அவருகிட்டயே மறைக்கிறதா இருந்தா பஸ் ஏறாதீங்க மாப்ள. பின்னாடி தெரிஞ்சா எல்லாமே கெட்டுப்போவும். உங்க புள்ள பேரும் சேர்ந்து கெடும்."

மாமா காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். நான் டம்ளரை எடுக்க உள்ளே போனபோது அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்.

குறித்த நாளில் மாமா பேருந்து நிலையத்துக்கு வந்தார். ஒரு துணிப்பை நிறையக் காகிதங்கள் வைத்திருந்தார். தனியாகப் போகத் தைரியமில்லாமல் அப்பாவையும் கூட வரச் சொல்லியிருந்தார். வேலூரில் வக்கீல் அறைக்குள் மாமா மட்டும் போனார். அப்பா வெளியே பெஞ்சில், மற்ற கட்சிக்காரர்களோடு கட்சிக்காரரைப்போல உட்கார்ந்திருந்தார். உள்ளே மாமா நிலத்தைப் பற்றியும் சொல்லிவிட்டார். சொல்லும்போது அழுதுவிட்டதாகவும், அந்த வக்கீல் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்ததாகவும் சொன்னார். வெளியே வந்ததும் மாமா அப்பாவிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்.

"நிலத்தப் பத்தி நானே சொல்லிட்டேன்னு ஊருல யாருக்கும் தெரிய வேணாம் மாமா. அக்காவுக்குக்கூட."

அப்பா சரி என்றார்.

மனு ஏற்கப்பட்டது. கெஸ்ட் ஹவுஸ் போயிற்று. மகன் பெயருக்கு எழுதியது ரத்தாகி, ஏரிக்கரை நிலமும் நீதிமன்றத்தின் வழியாக விலைபோயிற்று. மாமா வீட்டு வாசலில் கூச்சல் போடுவது நின்றது. இன்று அவர் வேறொருவருடைய லாட்ஜில் மேனேஜராக இருக்கிறார், பயமில்லாமல் தூங்குகிறார். ஆனால் அப்பாவும் மாமாவும் வேலூர் பஸ்ஸில் சேர்ந்து போனதை யாரோ பார்த்திருந்தார்கள். மாமா மறைத்து வைத்திருந்த நிலத்தை அப்பாதான் காட்டிக்கொடுத்தார் என்று பேச்சு பரவியது. ஊரில் ஒரு காதுகுத்து விருந்தில், அப்பா இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அம்மா வழியில் பெரியவர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"பொண்ணு எடுத்த வீட்டு நெலத்தையே ஏலத்துல விட்டவருக்குச் சோறு நல்லா எறங்குதா?"

"நல்லா இருக்குங்க" என்றார் அப்பா. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். மாமா அதே பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தார். குனிந்து அடுத்த இலைக்கு ஊற்றினார்.

அதற்குப் பிறகு அம்மா பிறந்த வீட்டிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டார், துணி துவைத்தார், மருந்து எடுத்துக் கொடுத்தார். பேச்சு மட்டும் குறைந்துபோனது. ஒரே வீட்டில் அப்பா அலுவலக அறையிலும் அம்மா கூடத்திலுமாக இருந்தார்கள். நான் போன் செய்தால் இருவரும் தனித்தனியாக என்னிடம் பேசுவார்கள். ஒரே ஒரு வார்த்தையில் அப்பா அதை முடித்திருக்கலாம்.

சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்குப் போய்வந்த நாட்களிலும் அவர் சொல்லவில்லை. சென்ற கார்த்திகையில், தீபத் திருவிழா வாரத்தில் காலமானார். கூட்டத்துக்காகப் பேருந்துகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டதால், வர நினைத்தவர்கள் பலரால் வர இயலவில்லை. வர விரும்பாதவர்களுக்கும் அதுவே காரணமாக அமைந்தது.

காரியம் முடிந்த மதியம், பந்தல் பிரிக்கும்போது, மாமா அம்மாவையும் என்னையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உன் நெலத்துக்காக அவருகிட்ட மொகம் குடுத்துப் பேசாம இருந்தேண்டா" என்று மட்டும் சொன்னார். பிறகு அப்பாவின் அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் வரை நாங்கள் தட்டவில்லை.

இதை அப்பாவின் நினைவு மலரில் எழுதச் சொன்னவர் மாமாதான். தான் வாயால் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்வதாக நினைப்பார்கள், அச்சில் வந்தால் படிப்பார்கள் என்றார். எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். எந்த வரியையும் எடுக்கச் சொல்லவில்லை.

மருத்துவமனைக்கு மழை நாளிலும் தவறாமல் அழைத்துப்போன ஆட்டோக்காரத் தம்பிக்கும், சம்பளம் நின்ற பிறகும் தினமும் வந்து அப்பாவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டிய குமாஸ்தா ஐயாவுக்கும், வேலூர் வக்கீல் ஐயாவுக்கும், பெரியப்பா குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி உரியது.

அப்பாவின் அலுவலக அறைக்கு எப்போதோ வந்துபோன இன்னும் சிலருக்கும் சொல்லவேண்டும். அப்பாவை எடுத்த அன்று, நெரிசலில் எவ்வளவு தூரம் நடந்து வந்தீர்களோ, எதிர்ச் சாரியில் தள்ளித் தள்ளி நின்றீர்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. யார் நீங்கள் என்று உறவினர் கேட்டதற்கு, தெரிஞ்சவருங்க என்று மட்டும் சொல்லிவிட்டுக் கும்பிட்டுப் போனீர்கள். உங்கள் பெயரோ விலாசமோ எங்களிடம் இல்லை. அதனால் இந்த மலர் உங்களுக்கு வராது. எங்காவது யார் கையிலாவது பார்க்க நேர்ந்தால், இந்தப் பத்தி உங்களுக்காக எழுதியது. அப்பா உங்களைப் பற்றி எங்களிடம் எதுவும் சொன்னதில்லை.