தம்பி தலையாட்டினானா

அன்றைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட். விழுப்புரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரை அடுத்தவரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி மூன்று இருக்கும். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றி பளபளத்தது. வியர்வை என்று நினைத்துத் துண்டை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"தொடைக்காத. தம்பி அவஸ்தை வாங்கிக்கினான்."

எங்கள் கத்தோலிக்க வீடுகளில், உயிருக்குப் போராடுகிறவர்களுக்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசி ஜெபிப்பதை அவஸ்தை கொடுப்பது என்பார்கள். இப்போது கோயிலில் அதற்கு நோயில்பூசுதல் என்று மென்மையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இன்னமும் அவஸ்தைதான். அவள் முகத்தில் பல நாட்களாக இல்லாத ஒரு அமைதி இருந்தது. பக்கத்தில் சின்னம்மா, அம்மாவின் தங்கை, ஜெபமாலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பையின் ஜிப்பை மூடும்வரை அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த ஜிப்பில்தான் என் சந்தேகம் தொடங்கியது.

ஏனென்றால் தம்பி சாமி கும்பிடுகிறவன் இல்லை. நானும் இல்லை. எனக்கு முன்னால் அவன்தான் விட்டான். திண்டிவனத்தில் ஆட்டோ எலக்ட்ரிக் வேலை செய்துவந்தான். லாரிகளுக்கும் வேன்களுக்கும் வயரிங் பார்ப்பவன். பல வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பச் சொன்னபோது, "நான் வரலம்மா, எனக்கு நம்பிக்கை இல்ல" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடப் போனவன். நான் அவனைவிட நான்கு வயது மூத்தவள். ஆனாலும் அதைச் சொல்ல எனக்கு இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று.

எங்களுக்குள் நிறைய விவாதம் நடக்கும். ஓய்வு நாட்களில் நான் திண்டிவனம் போனால் அவன் பட்டறையில் பழைய வேன் சீட்டு ஒன்றில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். செத்தபிறகு ஒன்றும் இல்லை என்பதில் அவனுக்குத் துளி சந்தேகம் கிடையாது. எனக்கு அந்த அளவு உறுதி வராது. செத்தபிறகும் எங்காவது இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரு ஆசை இருக்கிறதே, இல்லாத ஒன்றுக்கு எப்படி இத்தனை பேர் ஆசைப்படுவார்கள் என்று கேட்டேன். பேட்டரி தீர்ந்துபோனால் கரண்ட் எங்கே போனது என்று யாராவது தேடுகிறார்களா, அது எங்கேயும் போகவில்லை, நின்றுவிட்டது, அவ்வளவுதான் என்றான். ஆசை இருப்பதால் ஆள் இருப்பதாக ஆகிவிடாது என்றான். தான் செத்தால் ஜெபம் கிபம் வேண்டாம் என்றும் ஒருமுறை சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனாலும் சொன்னான்.

அப்படிப்பட்டவன் அவஸ்தை வாங்கிக்கொண்டான் என்றால்?

மறுநாள் காலை அவன் கண் விழித்தான். அம்மா முகம் கழுவப் போயிருந்தாள். "டூட்டி இல்லியாக்கா?" என்று கேட்டான். லீவு போட்டிருக்கிறேன் என்றேன். அப்போது நான் கேட்டிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்ற பயம். "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை அசைத்தான். அம்மா வந்துவிட்டாள். அதற்கப்புறம் அவனுக்குத் தெளிவு வரவில்லை. அடுத்த நாள் போய்விட்டான்.

அடக்கம் திண்டிவனத்தில், கோயில் கல்லறையில், அப்பாவுக்குப் பக்கத்தில் நடந்தது. பாட்டும் ஜெபமும் ஒரு குறையும் இல்லாமல் நடந்தன. ஜெபம் வேண்டாம் என்று அவன் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மண்ணள்ளிப் போட்டபோதுகூட எனக்கு அழுகையைவிடச் சந்தேகம்தான் பெரிதாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது. கோயிலுக்கு வராதவனைக் கோயில் கல்லறையில் அடக்கம் பண்ணச் சம்மதிப்பார்களோ மாட்டார்களோ என்று சின்னம்மா முன்பே பயந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். மயக்கத்தில் கிடந்தவன்மேல் எண்ணெயைப் பூசிவிட்டு, அவனே கேட்டான் என்று கதை கட்டிவிட்டார் என்று முடிவு செய்தேன்.

இருபது வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சான்றிதழ்களைப் பார்த்தவள் நான். நோயாளிச் சலுகை, மாணவர் சலுகை என்று நீட்டப்படும் தாள்களில் எது மெய், எது பொய் என்று நீட்டுகிற கையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். சின்னம்மாவை அந்தக் கண்ணோடுதான் விசாரித்தேன். முதல் தடவை, அவனே சாமியாரைக் கூப்பிடச் சொன்னான் என்றார். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, சாமியார் வார்டுக்கு வேறொருவரைப் பார்க்க வந்திருந்தார், தான்தான் போய் அவரிடம் சொன்னதாகச் சொன்னார். மூன்றாம் தடவை அழுதுவிட்டார்.

"நான் இட்டுக்கினு வந்தேன், அது நெசம். ஆனா சாமியாரு அவன்கிட்டதான் கேட்டாரு. அவன் தலையாட்டினான். நான் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"தூக்கத்துல ஆட்டினானா, முழிச்சுக்கினு ஆட்டினானா?"

"நீ இன்னா போலீஸா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

பிறகு அந்தச் சாமியாரைப் பார்க்கப் போனேன். விழுப்புரத்தில் இருந்துகொண்டு ஆஸ்பத்திரி நோயாளிகளைப் பார்த்து வருகிறவர். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். தம்பியை ஞாபகம் இருக்கிறது என்றார். அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். ஒருவர் அந்த நேரத்தில் தன்னிடம் சொன்னதை வெளியே சொல்ல முடியாது என்றார். அப்படியென்றால் ஏதோ சொல்லியிருக்கிறான் என்று பிடித்தேன். அதையும் சொல்ல முடியாது என்றார். நம்பிக்கை இல்லாத ஒருவருக்கு எண்ணெய் பூசினால் அது செல்லுமா என்று கேட்டேன். ஒருவருக்கு நம்பிக்கை இல்லை என்று கடைசியாகச் சொல்லக்கூடியவர் கடவுள்தான், அக்காவும் இல்லை, தானும் இல்லை என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இல்லாத ஒருவரைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள் என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "அவர் கேட்டாருன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு நெனைப்பீங்க. கேக்கலன்னு சொன்னாத்தான் என்னை நம்புவீங்க. அப்போ நீங்க எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நல்ல டீதான். அதையும் சந்தேகத்தோடுதான் குடித்தேன்.

இனி ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர். செஞ்சியை அடுத்த வல்லம் பக்கத்து விவசாயி, கால் புண்ணுக்காகச் சேர்ந்திருந்தவர். அவருக்கு எங்கள் கோயிலோடு ஒரு சம்பந்தமும் இல்லை, அதனால் நம்பலாம் என்று நினைத்தேன். ஒரு ஓய்வு நாளில் பஸ் பிடித்துப் போனேன். களத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். தம்பி இறந்ததற்கு வருத்தப்பட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொத்து கித்துத் தகராறாம்மா? கோர்ட்டு கேஸுன்னா நம்மால வர முடியாது."

அதெல்லாம் இல்லை என்று விளக்கினேன். தம்பிக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, அவன் இதற்கு ஒத்துக்கொண்டிருக்க மாட்டான், அதனால்தான் கேட்கிறேன் என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. எண்ணெய் தடவுவதில் என்னம்மா இருக்கிறது, செத்தவன் மண்ணோடு மண், எங்கள் அப்பனுக்கு எல்லாம் செய்தோம், ஒரு கனவில்கூட வரவில்லை என்றார். பிறகு சொன்னார்.

"சாமியாரு கேட்டாரு, அந்தத் தம்பி தலைய ஆட்டிச்சு. முழிச்சுக்கினுதான் இருந்துச்சு. சாமியாரு போனப்புறம் நான் கேட்டேன், இன்னாப்பா நீயும் சாமி கும்புடுவியான்னு. 'அம்மா மூணு நாளா தூங்கல. இதுக்கு ஆமான்னா தூங்குவாங்க. அதான்'னு சொல்லிச்சு."

எனக்குள் ஏதோ துள்ளியது. ஜெயித்துவிட்டேன். என் தம்பி மாறவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் செஞ்சி தாண்டும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. அப்புறம் அதிலும் சந்தேகம் விழுந்தது. நான்தானே முதலில் சொன்னேன், அவனுக்கு நம்பிக்கை இல்லை என்று? எனக்கு என்ன பதில் வேண்டும் என்பது என் முகத்தில் எழுதியிருந்திருக்கும். அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம் என்று அவர் நினைத்திருந்தால்? கவுண்டரில் யாராவது இப்படிச் சாட்சி கொண்டுவந்திருந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவினர்கள் எல்லாம் போனபிறகு, அம்மா என்னைத் திண்டிவனம் வீட்டுச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். அந்த விவசாயி அவளுக்குப் போன் செய்திருந்தார். ஆஸ்பத்திரியில் நம்பர் வாங்கி வைத்திருந்தாராம். உங்கள் பெண் வந்து விசாரிக்கிறது, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டிருக்கிறார்.

அம்மா திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை.

"அவரு உன்கிட்ட இன்னா சொன்னாரு? என்கிட்ட சொல்ல மாட்டேன்னுட்டாரு. உன் சின்னம்மா சொல்றத நான் நம்பல. சாமியாரக் கேக்கப் பயமா இருக்குது. நீதான் கோயிலுக்கே வராதவ. இதுல உனக்கு ஆகவேண்டியது ஒண்ணும் இல்ல. நீ சொல்லு."

ஒரு மாதமாக அவளும் என்னைப் போலவே தவித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு இதில் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை என்று அவள் நினைத்ததுதான் தப்பு. நான் மறைத்திருக்கலாம். தலையாட்டினான் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவள் என்னை நம்பிக் கேட்டதால் முழுதும் சொன்னேன். அந்த விவசாயி எனக்காகச் சேர்த்துச் சொல்லியிருக்கவும் கூடும் என்பதையும் சொன்னேன்.

அம்மா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்போ எனக்காகச் சாமிகிட்டப் பொய் சொல்லிட்டுப் போயிருக்கான்."

"சாமி இல்லன்னு நெனைச்சவன் இல்லாத சாமிகிட்ட எப்படிம்மா பொய் சொல்வான்? உன்கிட்டதான் சொன்னான். உன்னைத் தூங்க வைக்கறதுக்காகச் சொன்னான்."

"அது உன் கணக்கு. என் கணக்குல சாமி அங்க நின்னு பார்த்துக்கினு இருந்தாரு. நான் தூங்காம கெடந்து என் புள்ளைய அவரு முன்னால பொய் சொல்ல வெச்சுட்டேன்."

பட்டறையில் தம்பியோடு எத்தனையோ பேசியிருக்கிறேன். நம்புகிறவர்களுக்கு ஆறுதல் சுலபம், அதற்காகத்தான் நம்புகிறார்கள் என்று நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அது உண்மையில்லை என்று தெரிந்தது. எனக்கு அவன் செய்தது அன்பு, அத்தோடு முடிந்தது. அவளுக்கு அது முடியவில்லை. அவள் கணக்கில் அவன் எங்கேயோ நின்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் அவள் தனியாகத் திண்டிவனம் கோயிலுக்கு, பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வந்து இரண்டு இட்லி சாப்பிட்டாள். சாமியார் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அது எனக்கும் அவருக்கும் நடுவுல" என்றாள்.

அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினாள். திண்டிவனம் கோயிலின் வயதான பங்குச் சாமியார் ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அது வேதத்தில் இருப்பதா, அவராகச் சொன்னதா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. கேட்கப் போகவில்லை. சின்னம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்றார், ஆனால் அதன்பிறகு என் முன்னால் ஜெபமாலையை எடுப்பதில்லை.

கல்லறைத் திருநாளன்று அம்மா என்னையும் வரச் சொன்னாள். சாயங்காலம் கூட்டம் அதிகம் இருக்கும் என்று மத்தியானமே போனோம். நான் களை பிடுங்கினேன், அவள் பூ வைத்தாள். ஜெபம் சொல்லி முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"உனக்கு அந்த நேரம் வந்தா நீயும் எனக்காக ஆமான்னு சொல்லுவியா?"

"அப்போ நீ இருக்க மாட்டியேம்மா."

"இருப்பேன்" என்றாள். "பார்த்துக்கினுதான் இருப்பேன். அதனால பொய் சொல்லாத. இல்லன்னா இல்லன்னே சொல்லு. சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

சரி என்றேன். அவள் நம்பவில்லை. இப்போதும் நான் திண்டிவனம் போகிற நாட்களில், சாயங்கால ஜெபத்தின் நடுவே அவள் கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். நான் போனைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருக்கிறேன்.