மானிட்டருக்குள் இருந்த சிவப்பு

எங்கள் ஆபீஸுக்குத் தட்டை மானிட்டர்கள் வந்ததும், பழைய கனத்த மானிட்டர்களை மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டார்கள். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனி. துணி வாங்கும் பையர் அப்ரூவல் கொடுத்த ஷேடோடு சாயத் துணியின் நிறத்தை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என் வேலை. கல்லூரியில் வேதியியல் கடைசி வருஷம் படித்த மகள் அந்தப் பழைய மானிட்டர்களில் ஒன்றைக் கேட்டாள். திரையின் உட்புறம் பூசிய தூளில் யூரோப்பியம், இட்ரியம் என்று அரிய உலோகங்கள் இருக்கின்றனவாம். அவற்றைப் பிரித்தெடுப்பதுதான் அவளுடைய புராஜெக்ட். ஸ்கூட்டரில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

படக்குழாய்க்குள் காற்றே கிடையாது, உடைந்தால் கண்ணாடி தெறிக்கும் என்று சொல்லி, குழாயைக் கழற்றிப் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றியிருந்தாள். கழுத்து முனையை முறித்து மெல்லக் காற்றை உள்ளே விடுவதாக இருந்தாள். அதற்குள் அது மேசையிலிருந்து உருண்டுவிட்டது. வாசலில் நின்ற எனக்குக் கேட்டது வெடிச்சத்தம்தான்.

ஓடிப்போய் முதலில் அவள் கண்களைப் பார்த்தேன்.

"ஒண்ணும் ஆகலீங்கப்பா. துணிக்குள்ளயே உடைஞ்சிருச்சு."

மணிக்கட்டில் ஒரு கீறல். இன்றைக்கும் அடுப்படியில் டம்ளர் விழுந்தால் "கண்ணு!" என்று கத்திவிடுகிறேன். இனி இந்த வீட்டுக்குள் மானிட்டர் வரக்கூடாது என்று அன்றே சொல்லிவிட்டேன்.

அவள் கையுறை போட்டு, உடைந்த சில்லுகளில் இருந்த தூளைச் சுரண்டிக் கல்லூரிக்குக் கொண்டுபோனாள். அமிலத்தில் கரைத்து ஆக்ஸாலிக் ஆசிட் விட்டால் அரிய உலோகங்கள் அடியில் படியுமாம். துணியில் துருக்கறை எடுக்க நாங்கள் கம்பெனியில் வைத்திருக்கும் அதே ஆசிட். படிந்ததைச் சுட்டு, சின்னக் குப்பியில் கொண்டுவந்தாள். வெறும் வெள்ளைப் பொடி.

"உங்க லைட் பாக்ஸுல வெச்சுப் பாருங்கப்பா."

நிறம் பார்க்கும் அந்தப் பெட்டியில் புற ஊதா விளக்கும் உண்டு. மறுநாள் கம்பெனியில் பொடியை உள்ளே வைத்து அந்த விளக்கைப் போட்டேன். பொடி சிவந்து ஒளிர்ந்தது. எட்டிப் பார்த்த கட்டிங் மாஸ்டர், "ஏனுங்கண்ணா, எந்த பையரோட ஷேடுங்க இது? அப்ரூவல் ஆயிருச்சுங்களா?" என்றார்.

"எம்புள்ள ஷேடுங்க. நான் அப்ரூவ் பண்ணியாச்சு."

பொடி போதாது, இன்னொரு மானிட்டர் வேண்டும் என்றாள் மகள். போட்ட தடையை நானே மீறி, இன்னொன்றைக் கொண்டுவந்தேன். இம்முறை துணி சுற்றிய குழாயைத் தரையில் வைத்தோம். இரண்டு பேரும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டோம். நான் துணி மூட்டையை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் முனையை முறித்தாள். உஸ்ஸென்று ஒரு சத்தம், நின்றது.

"நீங்களும் மூச்சு விடுங்கப்பா," என்றாள். "குழாய்க்குள்ளயே காத்து வந்திருச்சு."