"விடுக்கா" என்றாள், நான் விடவில்லை

கோலார் தங்கவயலில் உள்ள சாம்பியன் ரீப்ஸிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள் நான். போன வருடம் என் தங்கை சுமதிக்குத் தலைப்பிரசவம். ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் பிரசவ அறைக்குள் என்னையும் விட்டார்கள். காலையிலிருந்து வலி இருந்தும் கர்ப்பப்பை வாய் பாதிதான் திறந்திருந்தது. எனக்கோ மதிய ரயிலைப் பிடித்து ஷிப்டுக்குப் போக வேண்டும். "சீக்கிரம் ஆவாதா சிஸ்டர்?" என்று மூன்று முறை கேட்டுவிட்டேன்.

"கையால விரிச்சு வுட்டா ஆய்டும். நீங்க கால கெட்டியா புட்ச்சிக்கோங்க" என்றார் நர்ஸ்.

பிடித்தேன். ஒவ்வொரு வலிக்கும் அவர் விரல்களை உள்ளே விட்டு விரித்தார். சுமதி துடித்தாள். "விடுக்கா! வேணான்னு சொல்லுக்கா!"

நான் இன்னும் அழுத்திப் பிடித்தேன். "இன்னா இப்படி கத்தற? ஊர்ல யாரும் பெத்துக்கலையா?" என்று அதட்டவும் செய்தேன்.

குழந்தை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்ஸில் கோலார் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கிழிந்திருந்த கர்ப்பப்பை வாயைத் தைத்து, ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். "அது தானா திறக்கணும்மா. அவசரப்பட்டு விரிச்சா இப்படித்தான் கிழியும்" என்றார் அங்கிருந்த டாக்டரம்மா.

இப்போதெல்லாம் யாருக்குத் துணைக்குப் போனாலும் முழுநாள் லீவு போடுகிறேன். தலைமாட்டில்தான் நிற்கிறேன். நர்ஸ் கையுறை மாட்டினால், "இன்னா பண்ணப் போறீங்க? அவள கேட்டீங்களா?" என்கிறேன்.

சுமதி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவள் கால்மாட்டில் நான் போய் உட்கார்ந்தால், தூக்கத்திலும் காலை இழுத்துக்கொள்கிறாள்.